விண்ணப்பம் படும் பாடு: ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தை வைத்து ஒரு பார்வை

தமிழ்நாட்டில் பிளஸ் டூ படித்த யாருக்கும் வேலைக்கு விண்ணப்பம் எழுதத் தெரியும். ஆங்கிலத் தேர்வில் பல ஆண்டுகளாக அது எதிர்பார்த்துப் போகும் கேள்வி. விளம்பரம் ஒன்றைக் கட்டம் கட்டிக் கொடுத்திருப்பார்கள். அதில் கேட்டிருக்கும் தகுதியெல்லாம் தனக்கு இருப்பதாக வைத்துக்கொண்டு மாணவர் பதில் எழுத வேண்டும். விடைத்தாளில் ஆள் யாரென்று தெரியக் கூடாது என்பதால் பெயருக்கு எக்ஸ் எக்ஸ் எக்ஸ், முகவரிக்கு ஒய் ஒய் ஒய். தேர்வு நடத்துகிறவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் பதினேழு வயதில் ஒருவர் எழுதும் முதல் விண்ணப்பத்தில் பெயர் இல்லை, ஊர் இல்லை, தகுதியும் பாவனை. பிறகு வாழ்நாள் முழுக்க அதே விண்ணப்பத்தைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

ராஜபாளையத்தில் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஏதாவது ஒரு டி.டி.பி. கடைக்குப் போய் "ஒரு பயோடேட்டா அடிக்கணும்ணே" என்று சொல்லிப் பாருங்கள். கம்ப்யூட்டரில் ஏற்கெனவே ஒன்று தயாராக இருக்கும். யாரோ எப்போதோ அடித்தது. பெயரையும் மதிப்பெண்ணையும் மாற்றினால் வேலை முடிந்தது. மேலே 'குறிக்கோள்' என்று ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம்: சவாலான சூழலில் உழைத்து நிறுவனத்தையும் வளர்த்துத் தானும் வளரப் போவதாக. அடுத்து பத்தாம் வகுப்பிலிருந்து சதவீதக் கணக்கு, கட்டம் போட்டு. அடுத்து தந்தை பெயர், தந்தை தொழில், பிறந்த தேதி, மதம், சாதிப் பிரிவு, திருமணம் ஆனதா ஆகாததா, தெரிந்த மொழிகள், பொழுதுபோக்கு. கடைசியில், மேலே சொன்னதெல்லாம் தனக்குத் தெரிந்தவரை உண்மை என்று ஓர் உறுதிமொழி. இடம், தேதி, கையெழுத்து. சில நேரம் பழைய ஆளின் ஊர் மாறாமல் நின்றுவிடும். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண்ணின் பயோடேட்டாவில் இடம் 'சங்கரன்கோவில்' என்று இருக்கும். பக்கத்து ஃபோல்டரில் கல்யாணத்துக்குக் கொடுக்கும் பயோடேட்டாக்கள். ஒன்றில் நட்சத்திரம், ராசி. இன்னொன்றில் கிரிக்கெட், பாட்டுக் கேட்பது. மற்றபடி இரண்டும் ஒன்றுதான்.

இந்த வடிவம் வானத்திலிருந்து விழுந்ததில்லை. அரசு விண்ணப்பப் படிவத்தின் நகல் இது. தந்தை பெயர், சாதிப் பிரிவு, உறுதிமொழி, இடம், தேதி எல்லாம் சர்க்கார் கேட்பவை. கேட்பதற்குக் காரணமும் உண்டு. இட ஒதுக்கீட்டுக்குச் சாதிப் பிரிவு வேண்டும், வயது வரம்புக்குப் பிறந்த தேதி வேண்டும், பொய் சொன்னால் நடவடிக்கை எடுக்கக் கையெழுத்து வேண்டும். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்து, சீனியாரிட்டிக்குக் காத்திருந்த தலைமுறைகள் நம்முடையவை. அந்த ஏற்பாடே இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய சிப்பாய்களுக்கு வேலை தேடித் தர 1945-இல் தொடங்கியது. 1959-இல் வந்த சட்டம் காலியிடங்களை அங்கே தெரிவிக்க வேண்டும் என்றது. வேலை என்றாலே படிவம், படிவம் என்றாலே அத்தனை கட்டங்களையும் நிரப்புவது என்று மனதில் பதிந்துவிட்டது. தனியார் நிறுவனம் எந்தப் படிவமும் தராமல் வெறுமனே "விண்ணப்பியுங்கள்" என்று சொன்னால், நாமே ஒரு படிவத்தைத் தயாரித்து நாமே நிரப்பி அனுப்புகிறோம். இந்த வட்டாரத்து விண்ணப்பங்களின் மூலக் கோளாறு அதுதான் என்பது என் கட்சி. ஆங்கிலம் போதாது, கம்ப்யூட்டர் போதாது என்பதெல்லாம் பிறகு வருபவை.

நம்மிடம் வேறு மரபும் இருந்தது. புலவர்கள் வள்ளல்களுக்கு எழுதிய சீட்டுக்கவி, ஒரு வகையில் வேலை கேட்கும் கடிதம்தான். நான் இன்னார், என் வித்தை இன்னது, எனக்கு இது வேண்டும் என்று மூன்றையும் சொல்லிவிடும். 1919-இல் பாரதி எட்டயபுரம் ஜமீன்தாருக்குச் சீட்டுக்கவி எழுதினார். தன் புகழைத் தானே முழங்கி, வரும்போது எப்படி வரவேற்க வேண்டும் என்பதையும் சொல்லிவிட்டார். உதவி வரவில்லை. கவிதையாக அது நின்றுவிட்டது, விண்ணப்பமாகத் தோற்றது.

இன்னொரு தமிழர் அதற்கு ஏழு வருடம் முன்னால், 1912 பிப்ரவரியில், சென்னைத் துறைமுகக் கழகத்துக்குக் குமாஸ்தா வேலை கேட்டு எழுதினார். சீனிவாச ராமானுஜன். அந்தக் கடிதம் இன்றும் கிடைக்கிறது. கைக்குட்டை அளவுதான் இருக்கும் விஷயம். உங்கள் அலுவலகத்தில் குமாஸ்தா இடம் காலி என்று அறிந்தேன்; மெட்ரிகுலேஷன் தேறி எஃப்.ஏ. வரை படித்தேன், சில எதிர்பாராத நிலைமைகளால் படிப்பைத் தொடர முடியவில்லை, அதன்பின் முழு நேரமும் கணிதத்தில்தான் இருக்கிறேன், இந்த வேலையைச் சரியாகச் செய்வேன் என்ற நம்பிக்கை உண்டு. இவ்வளவுதான். கூடவே மாநிலக் கல்லூரியின் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் கொடுத்த சிபாரிசு. மார்ச் 1-ஆம் தேதி மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் வேலைக்குச் சேர்ந்தார்.

அந்தக் கடிதத்தில் பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ராமானுஜன் எஃப்.ஏ. என்ற அன்றைய கல்லூரித் தேர்வில் ஒருமுறைக்கு மேல் தவறியவர். கணிதம் தவிர மற்றப் பாடங்களைத் திரும்பிப் பார்க்காததால் வந்த வினை. அதைக் கடிதத்தில் மறைக்கவும் இல்லை, அழுது தீர்க்கவும் இல்லை. 'வரை படித்தேன்' என்று எல்லையைச் சொல்லி, காரணத்தை அரை வாக்கியத்தில் முடித்து, அதன்பின் சும்மா இருக்கவில்லை என்பதற்கு உடனே போய்விட்டார். அரியர் வைத்தவர்களும், இடையில் நான்கு வருடம் வீட்டில் இருந்தவர்களும் இதைவிட நல்ல மாதிரியைத் தேட வேண்டியதில்லை. அடுத்த ஆண்டு ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்திலும் முதலில் துறைமுகக் கழகத்துக் குமாஸ்தா என்று தன்னைச் சொல்லிக்கொண்டு, உடனே தேற்றங்களை அடுக்கிவிட்டார். தன் திறமையைப் பற்றிப் பேசாமல் திறமையையே உறைக்குள் வைத்து அனுப்பினார். வயதை மட்டும் இருபத்துமூன்று என்று எழுதினார். அப்போது அவருக்கு இருபத்தைந்து நிறைந்திருந்தது. இன்றைய பின்னணிச் சரிபார்ப்பில் மாட்டியிருப்பார்.

இனி நம் வட்டாரத்துக்கு வருவோம். விண்ணப்பத்தை யார் வாசிக்கப் போகிறார்கள் என்பது ஊருக்கு ஊர், தொழிலுக்குத் தொழில் மாறுகிறது. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு டவுன் பஸ்ஸில் போகிற தூரம்தான். ஆனால் இந்தச் சாலையை ஒட்டி நூற்பாலை, பேண்டேஜ் துணி, நைட்டி, பால்கோவா, பல்கலைக்கழகம், மாவட்ட நீதிமன்றம் என்று ஒன்றோடு ஒன்று ஒட்டாத வேலையுலகங்கள் இருக்கின்றன.

பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-இல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கியதிலிருந்து இந்த ஊரின் வேலை என்றால் முதலில் மில். மில்லில் சைடர், டாஃபர் வேலைக்கு யாரும் பயோடேட்டா கேட்பதில்லை. கேட்டில் ஆதார், பேங்க் பாஸ்புக், பழைய பி.எஃப். எண், இ.எஸ்.ஐ. எண் கேட்பார்கள். பாலிடெக்னிக்கில் டெக்ஸ்டைல் முடித்தவர், சூப்பர்வைசர், மெயின்டனன்ஸ் ஃபிட்டர் என்று மேலே வரும்போதுதான் தாளுக்கு வேலை. அங்கே வாசிப்பவர் ஸ்பின்னிங் மாஸ்டரோ ஃபேக்டரி மேனேஜரோ. தொழில் தெரிந்த ஆள். அவரிடம் குழுவாக வேலை செய்வேன், கடினமாக உழைப்பேன் என்பதெல்லாம் எடுபடாது. உதாரணத்துக்கு, ஒருவர் இப்படி எழுதுகிறார்: 'பிரபல நூற்பாலையில் நான்கு ஆண்டுகள் சூப்பர்வைசர். பொறுப்புகள்: ஷிப்டைக் கவனித்தல், தரத்தைப் பேணுதல், மேலதிகாரிகள் தரும் பணிகளைச் செய்தல்.' இதே ஆள் இப்படி எழுதலாம்: 'ரிங் ஃபிரேம் பகுதி, இரவு ஷிப்ட் பொறுப்பு. 18 ஃபிரேம், 20 ஆள். 60, 80 கவுண்ட் கோம்டு நூல். எல்.எம்.டபிள்யூ. இயந்திரங்களில் பழக்கம். இழை அறுதலைத் தினமும் குறித்து வைக்கும் முறையைக் கொண்டுவந்தேன். புதிதாக வந்த வடமாநிலத் தொழிலாளர்களுக்கு இழை இணைக்கப் பழக்கினேன். பேச்சு இந்தி ஓரளவு வரும்.' இரண்டாவதை வாசித்ததும் மாஸ்டருக்கு நாலு கேள்வி தோன்றும். கேள்வி தோன்றினால் கூப்பிடுவார்.

எந்தத் தொழிலிலும் இதுதான் வழி. எத்தனை இயந்திரம், எத்தனை ஆள், எந்தச் சரக்கு, எந்த மென்பொருள், எதை மாற்றினேன். எண்ணைச் சொல்ல முடிகிற இடத்தில் எண்ணைச் சொல்வது. சொல்ல முடியாத இடத்தில் செய்த வேலையின் பெயரைச் சொல்வது. நம் ஆட்கள் அடக்கம் என்று நினைத்து இதை விட்டுவிடுகிறார்கள். பெண்கள் இன்னும் அதிகம் விட்டுவிடுகிறார்கள். ஆடிட்டர் ஆபீஸில் ஐம்பது கடைகளுக்கு ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போட்ட பெண், பயோடேட்டாவில் 'அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட், 2 வருடம்' என்று ஒற்றை வரியோடு நிறுத்திக்கொள்வார்.

சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் பக்கம் பேண்டேஜ் துணியும் காஸ் துணியும் நெய்கிற ஊர்கள். ஏற்றுமதி உண்டு. தறி ஓட்டுபவருக்குக் கடிதம் வேண்டாம்; ஆனால் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், வெளிநாட்டு வாங்குபவர்களுக்கு மின்னஞ்சல், மருத்துவப் பொருள்களுக்கான ஐ.எஸ்.ஓ. 13485 தரச் சான்றுக் கோப்புகள் என்று பார்க்க ஆள் வேண்டும். அங்கே வாசிப்பவர் பெரும்பாலும் முதலாளியே. ஹெச்.ஆர். துறை கிடையாது. பயோடேட்டாவை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்வார். தறிச் சத்தத்துக்கு நடுவில் போனில் பார்ப்பார். இரண்டு பக்கப் பட்டியலை அங்கே யாரும் பெரிதாக்கிப் படிக்கப் போவதில்லை. கூட வரும் பத்து வரிச் செய்தியைப் படிப்பார். முகப்புக் கடிதம் என்று பாடப் புத்தகம் சொல்வது நடைமுறையில் இன்று இதுதான். அது இப்படி இருக்கலாம்:

'ஐயா, வணக்கம். உங்கள் யூனிட்டில் ஏற்றுமதி ஆவணங்கள் பார்க்க ஆள் தேவை என்று அறிந்து எழுதுகிறேன். பி.காம். முடித்து, ராஜபாளையத்தில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் 2019 முதல் 2021 வரை டேலி, ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், இ-வே பில் வேலைகளைப் பார்த்தேன். குழந்தை பிறந்ததால் மூன்று வருடம் அலுவலகம் போகவில்லை. அந்தக் காலத்தில் இரண்டு கடைகளுக்கு வீட்டிலிருந்தே மாதக் கணக்கு முடித்துக் கொடுத்தேன். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் தயாரிப்பேன். ஷிப்பிங் பில் இனிமேல்தான் பழக வேண்டும். ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதுவேன். காலை 9 முதல் மாலை 6 வரை வர முடியும். பயோடேட்டா இணைத்திருக்கிறேன். நீங்கள் சொல்லும் நாளில் நேரில் வருகிறேன்.'

தெரியாததைத் தெரியாது என்று சொன்ன அந்த ஒரு வரி, மற்ற வரிகளை நம்ப வைக்கிறது. வேலை நேரத்தைச் சொன்னதும் காரணத்தோடுதான்: குழந்தை இருக்கிறதே, வருவாரா என்று முதலாளி மனதில் எழும் கேள்விக்கு, கேட்காமலே பதில். இதைத் தமிழில் எழுதலாமா என்று தயங்க வேண்டாம். விளம்பரம் தமிழில் வந்திருந்தால், வாசிப்பவர் தமிழில் பேசுகிறவராக இருந்தால், கடன் வாங்கிய ஆங்கிலத்தைவிடச் சொந்தத் தமிழ் மேல். சென்னை, பெங்களூர் கம்பெனிக்கு ஆங்கிலம்தான். அங்கே இதே பத்து வரியைச் சிறு சிறு ஆங்கில வாக்கியமாக்கினால் போதும்.

தளவாய்புரத்தில் நைட்டி தைக்கும் வேலைக்குக் கடிதமும் வேண்டாம், பட்டமும் வேண்டாம். மிஷினில் உட்கார்ந்து ஒரு பீஸ் தைத்துக் காட்ட வேண்டும். உலகத்தின் மிகச் சிறந்த தேர்வு முறை அதுதான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. வில்லிபுத்தூர்க்காரரான பெரியாழ்வாரும் பாண்டியன் சபையில் பேசிக் காட்டித்தானே பொற்கிழியை வாங்கினார் என்கிறது குருபரம்பரைக் கதை.

கல்லூரிகளின் கதை தனி. கிருஷ்ணன்கோவிலில் 1984-இல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி 2006-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான கலசலிங்கம், ராஜபாளையத்தில் ராம்கோ பொறியியல் கல்லூரி, ராஜூக்கள் கல்லூரி என்று ஆசிரியர் வேலை தருகிற இடங்கள் உண்டு. இங்கேதான் முழு நீள சி.வி.க்கு இடம். நெட் அல்லது செட், பிஎச்.டி. ஆய்வுத் தலைப்பு, கட்டுரைகள், எடுத்த பாடங்கள், வழிகாட்டிய புராஜெக்ட்கள் என்று நாலைந்து பக்கம் போனாலும் தவறில்லை. மற்ற வேலைகளுக்கு, பத்து வருட அனுபவம் இல்லாதவர் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. கல்லூரி வளாகத் தேர்வுக்குத் தமிழக அரசின் 'நான் முதல்வன்' திட்டமும் பிளேஸ்மென்ட் பிரிவுகளும் இப்போது நிறையப் பயிற்சி தருகின்றன. பயன் இருக்கிறது. பக்க விளைவு, ஒரு வகுப்பின் அறுபது மாணவர்களின் ரெஸ்யூமும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருப்பது. அறுபதிலும் அதே புராஜெக்ட். நான்கு பேர் சேர்ந்து செய்த புராஜெக்டில் உன் கை எந்தப் பகுதியில் பட்டது என்பதை யாரும் எழுதுவதில்லை. நேர்முகத்தில் முதலில் கேட்பது அதைத்தான்.

அரசு வேலைக்குப் போகிறவர்களுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் ராசியான ஊர். 1875-இல் தொடங்கிய பென்னிங்டன் நூலகம் இருக்கிறது. விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றமும் மாவட்டத் தலைநகரில் இல்லாமல் இங்கேதான் இருக்கிறது. டி.என்.பி.எஸ்.சி.க்கு பயோடேட்டா தேவையே இல்லை. கடிதத் திறமையும் தேவையில்லை. தேவைப்படுவது கோப்புத் திறமை. ஒருமுறைப் பதிவில் கொடுத்த பெயர், பிறந்த தேதி, சாதிச் சான்றிதழ் எண் எல்லாம் மூலச் சான்றிதழோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத இட ஒதுக்கீடு 2010 முதல் உண்டு. பள்ளியிலிருந்தே தமிழ் வழியாக இருக்க வேண்டும் என்று பிறகு திருத்தம் வந்தது. அதற்கான சான்றிதழைப் பள்ளியிலும் கல்லூரியிலும் தனித்தனியே வாங்க வேண்டும். தேர்வில் தேறிய பிறகு பழைய பள்ளிக்கு ஓடுகிறவர்கள் அதிகம். இன்னொன்று, நெட் சென்டரில் பதியும்போது சிலர் கடைக்காரரின் மின்னஞ்சலையும் போன் நம்பரையும் கொடுத்துவிடுகிறார்கள். கடை மூடினால், நம்பர் மாறினால், பாஸ்வேர்டும் போயிற்று. சொந்த மின்னஞ்சல் ஒன்றைத் திறந்து, அதன் பாஸ்வேர்டை வீட்டில் ஒரு நோட்டில் எழுதி வைப்பதுதான் விண்ணப்பத்தின் முதல் வேலை. அந்த மின்னஞ்சல் பெயரும் தன் பெயராக இருக்கட்டும். நடிகர் பெயர் வேண்டாம்.

வங்கித் தேர்வு நடத்தும் ஐ.பி.பி.எஸ்., கைப்பட எழுதிய உறுதிமொழி ஒன்றை ஸ்கேன் செய்து ஏற்றச் சொல்கிறது. விண்ணப்பதாரரே ஆங்கிலத்தில் எழுத வேண்டும்; கேப்பிடல் எழுத்துகளில் எழுதக் கூடாது. இதைக் கடைக்காரர் கையால் எழுதி அனுப்பி மாட்டிக்கொள்ள வேண்டாம்.

பெயர் என்பதே நமக்கு ஒரு சிக்கல். இனிஷியல் முன்னால் போடுவதா, பின்னால் போடுவதா, விரித்து எழுதுவதா? மதிப்பெண் சான்றிதழில் ஒருவிதம், ஆதாரில் ஒருவிதம், பான் கார்டில் அப்பா பெயரோடு சேர்த்து, பாஸ்போர்ட்டில் அப்பா பெயரே குடும்பப் பெயராக. இணையதளம் முதற்பெயர், கடைசிப்பெயர் என்று இரண்டு கட்டம் வைத்திருக்கும். ஒருவர் ஒரு தளத்தில் ஒருமாதிரியும் இன்னொன்றில் வேறுமாதிரியும் நிரப்புவார். பிறகு சரிபார்க்கும்போது இருவர் என்று ஆகிவிடும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளதை வைத்து மற்றதையெல்லாம் ஒருமுறை உட்கார்ந்து திருத்திவிடுவது நல்லது. இ-சேவை மையத்துக்கு நாலு நடை ஆகும். ஆகட்டும்.

பெயரைப் பேசும்போது சாதியையும் பேச வேண்டியிருக்கிறது. 1929-இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் வரும் சாதிப் பட்டத்தை விடச் சொன்னது. தமிழ்நாடு பெரும்பாலும் விட்டுவிட்டது. ஆனால் வாசல் வழியாக அனுப்பியதை பயோடேட்டாவில் 'சாதிப் பிரிவு' என்ற கட்டம் கொல்லைப்புறமாக உள்ளே கொண்டுவருகிறது. அரசுப் படிவத்தில் அது உரிமை. தனியாருக்கு எழுதும் தாளில் அதற்கு வேலை இல்லை. இது வெறும் கொள்கைப் பேச்சில்லை. சுகதேவ் தோரட்டும் பால் அட்டேவெல்லும் 2007-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இந்தியாவின் ஆங்கிலப் பத்திரிகைகளில் வந்த 548 விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தது. தகுதி ஒன்றே, பெயர் மட்டும் வேறு. தலித் என்று தெரியும் பெயருக்கு அழைப்பு குறைவாக வந்தது, முஸ்லிம் பெயருக்கு அதைவிடக் குறைவு. அமெரிக்காவில் பாஸ்டன், சிகாகோ நகரங்களில் ஏறத்தாழ ஐயாயிரம் ரெஸ்யூம்களை அனுப்பிய 2004-ஆம் ஆண்டு ஆய்விலும் கதை அதுதான். வெள்ளையர் பெயர்களுக்கு, கறுப்பர் பெயர்களைவிட ஐம்பது சதவீதம் கூடுதல் அழைப்பு. தகுதி பேசுவதற்கு முன் பெயர் பேசிவிடுகிறது என்றால், நாமே சாதி, மதம், அப்பா தொழில் எல்லாவற்றையும் அச்சடித்துக் கொடுப்பது என்ன நியாயம்? மதம், சாதி, திருமண நிலை, அப்பாவின் தொழில் ஆகிய நான்கையும் தனியார் விண்ணப்பத்திலிருந்து எடுத்துவிடுங்கள். கேட்டால் அப்போது பார்த்துக்கொள்ளலாம். போட்டோவும் பிறந்த தேதியும் இடத்தைப் பொறுத்தவை: வளைகுடா நாடுகளில் போட்டோ சகஜம், அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் போட்டோ, வயது இரண்டும் வேண்டாம்.

ஒரு ரெஸ்யூமை ஆறு விநாடிதான் பார்க்கிறார்கள் என்று பயிற்சி வகுப்புகளில் வேதவாக்காகச் சொல்கிறார்கள். அமெரிக்காவின் லேடர்ஸ் என்ற வேலைவாய்ப்பு நிறுவனம் 2012-இல் முப்பது பேரின் கண்ணசைவை வைத்துச் சொன்ன கணக்கு அது. 2018-இல் அவர்களே 7.4 விநாடி என்றார்கள். முப்பது அமெரிக்கர்களை வைத்து ராஜபாளையம் முடங்கியாறு ரோட்டுக்குச் சட்டம் போட வேண்டாம். ஆனாலும் முதல் பார்வையில் கண்ணில் பட வேண்டியது மேல் பாதியில் இருக்க வேண்டும் என்பது சரி. குறிக்கோள் வாக்கியம் அந்த இடத்தை வீணாக அடைத்துக்கொண்டிருக்கிறது. அங்கே இரண்டு வரியில் நீங்கள் யார், என்ன தெரியும் என்பது வரட்டும். பெரிய நிறுவனங்களில் முதலில் மென்பொருள்தான் படிக்கிறது. கட்டம், படம், இரட்டைப் பத்தி எல்லாம் அதைக் குழப்பலாம். விளம்பரத்தில் கேட்ட திறமையின் பெயர், உங்களிடம் உண்மையிலேயே இருந்தால், அதே எழுத்தில் இருக்க வேண்டும். கோப்பை பி.டி.எஃப். ஆக்கி உங்கள் பெயரையும் வேலையின் பெயரையும் வைத்து அனுப்புங்கள். 'நியூ ஃபைனல் 2' என்ற பெயரில் வருவதை ஹெச்.ஆர். எங்கே தேடுவார்?

பொய் அனுபவம் எழுதுவது பற்றி ஒரு வார்த்தை. போலி அனுபவச் சான்றிதழ் கொடுப்பவர்கள் எங்கும் உண்டு. ஆனால் 2014-இல் பி.எஃப்.க்கு யு.ஏ.என். எண் வந்த பிறகு, எந்த நிறுவனத்தில் எந்த மாதம் சேர்ந்து எந்த மாதம் விலகினார் என்பது வரிசையாக அதில் இருக்கிறது. புது நிறுவனம் அதைத்தான் முதலில் கேட்கிறது. சேர்ந்து ஆறு மாதம் கழித்துப் பொய் தெரிந்தால் வேலை மட்டும் போவதில்லை. ரிலீவிங் லெட்டரும் போகும்.

2022 இறுதியில் சாட்ஜிபிடி வந்தது. அதன்பின் முகப்புக் கடிதங்கள் இலக்கணப் பிழை இல்லாமல் வருகின்றன. எல்லாம் ஒரே குரலில் வருகின்றன. எக்ஸ் எக்ஸ் எக்ஸ் மறுபடியும் எழுத ஆரம்பித்துவிட்டார். ஆங்கிலம் தடுமாறுகிறவர்கள் அதை வைத்துத் திருத்திக்கொள்வதில் குற்றமில்லை. முதல் வரைவு உங்களுடையதாக இருக்கட்டும். பதினெட்டு ஃபிரேம், இருபது ஆள் என்பது உங்களுக்குத்தான் தெரியும். எந்த இயந்திரத்துக்கும் தெரியாது.

விண்ணப்பத்தில் ஆதார் எண்ணையும் பேங்க் கணக்கையும் எழுதி எங்கும் அனுப்பாதீர்கள். சேர்ந்த பிறகு கேட்டால் கொடுங்கள். தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்று நம்பிப் போய், மியான்மரில் இணைய மோசடிக் கும்பலிடம் சிக்கிய தமிழ் இளைஞர்களை 2022-இல் மீட்டுக் கொண்டுவர வேண்டியிருந்தது. வெளிநாட்டு வேலை என்றால் ஏஜென்ட் மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் பதிந்தவரா என்று பார்த்துவிட்டுத்தான் பாஸ்போர்ட் நகலைக் கொடுக்க வேண்டும். பதிந்த ஏஜென்ட்டும் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் தவிர வேறு கட்டணம் வாங்கக் கூடாது.

இவ்வளவும் விண்ணப்பிக்கிறவர்களுக்குச் சொன்னது. கடிதம் என்றால் இரண்டு பக்கம் உண்டு. சுவரொட்டியிலும் வாட்ஸ்அப் குழுவிலும் 'ஆட்கள் தேவை, தகுந்த சம்பளம், அனுபவம் உள்ளவர்களுக்கு முன்னுரிமை, தொடர்புக்கு' என்று ஒரு போன் நம்பரை மட்டும் போட்டுவிட்டு, வருகிற பயோடேட்டா எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது என்று குறைப்படுவதில் பொருளில்லை. யூனிட்டின் பெயர், வேலை என்ன, ஷிப்ட் எத்தனை மணி, சம்பளம் எவ்வளவிலிருந்து எவ்வளவு, எந்த மொழியில் எழுதலாம் என்று நாலு வரி கூடுதலாகப் போடுங்கள். எடுக்கவில்லை என்றால், எடுக்கவில்லை என்று ஒரு வாட்ஸ்அப் அனுப்புங்கள். கிருஷ்ணன்கோவிலிலிருந்து இரண்டு பஸ் மாறி நேர்முகத்துக்கு வந்துபோன பிள்ளைக்கு அந்தப் பதில் பாக்கி இருக்கிறது.